வாடைக்காலத்தில் வழியில் மாட்டினால்: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலைக்கு வருகிறவர்களும் இங்கிருந்து வெளியூர் போகிறவர்களும் காற்று, மழை, வெள்ளம் பற்றிக் கேட்டவற்றை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவரின் கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: டிசம்பரில் குடும்பமாக ஊருக்கு வருகிறோம். உப்புவெளியில் கடற்கரையோரம் ஐந்து நாளுக்கு அறை பதிந்தாயிற்று. "அந்த நேரம் அங்க போகாதேங்கோ" என்று சொந்தக்காரர் பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு மோசமா? (வாசகி, ஸ்காபரோ)

பதில்: மழை கட்டாயம் இருக்கும். சூறாவளி எல்லா வருடமும் வராது. ஆனால் வந்த தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 1964 டிசம்பர் 22, 1978 நவம்பர் 23 (மட்டக்களப்பை அடித்தது), 2000 டிசம்பர் 26, 2020 டிசம்பர் 2 (புரேவி), 2025 நவம்பர் 28 (டித்வா). கிழக்குக் கரையில் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் இந்த ஐந்தும் நவம்பர் கடைசிக்கும் நத்தார் மறுநாளுக்கும் இடையில் வந்தவை. தேதியை மாற்ற முடியுமென்றால் இந்த ஐந்து வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கடலில் குளிப்பதுதான் நோக்கமென்றால் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் இங்கே காலம். உறவுக்காரர் வீட்டுக் கலியாணம், கோணேசர் தரிசனம் என்று வருகிறீர்களென்றால் டிசம்பரிலும் வரலாம். அறையை மட்டும் கரையோரத்தில் எடுக்காமல் நகருக்குள் எடுங்கள்.

இதற்குக் காரணம் நில அமைப்பு. உப்புவெளியிலிருந்து நிலாவெளி தாண்டிப் போகும் நிலம் ஒடுங்கிய மணல் துண்டு. முன்னால் கடல், பின்னால் களப்பும் உப்பளமும். தண்ணீர் இரண்டு பக்கத்தாலும் ஏறும். நிலாவெளியில் தங்கினால் நகருக்கு வர சாம்பல்தீவுப் பாலத்தைக் கடக்க வேண்டும். அந்த வழி மூடினால் நீங்கள் அங்கேதான்.

அடுத்தது வானிலை அறிக்கை. அதில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. தாழமுக்கம் என்றால் காற்று மணிக்கு 31 முதல் 50 கிலோமீற்றர். ஆழமான தாழமுக்கம் என்றால் 51 முதல் 62. 63ஐத் தாண்டினால் சூறாவளி என்று பெயர் வைப்பார்கள். 89க்கு மேல் கடும் சூறாவளி. "வெறும் தாழமுக்கம்தானே" என்று காற்றை வைத்து அலட்சியமாக இருக்கிறவர்கள் மழையில் மாட்டுகிறார்கள். மெதுவாக நகரும் பலவீனமான தாழமுக்கம், வேகமாகக் கடந்துபோகும் சூறாவளியைவிட அதிக வெள்ளம் கொண்டுவரும். ஆகவே அறிக்கையில் காற்றின் வேகத்தோடு மழை எத்தனை மில்லிமீற்றர் என்பதையும், மையம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் பாருங்கள்.

வெளியூர்க்காரர் பெரும்பாலும் கேட்காத கேள்வி, மையம் எங்களுக்கு வடக்கே கரையேறுமா தெற்கேயா என்பது. நம் பக்கத்துச் சூறாவளிகள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்பவை. மையம் கிழக்கே கடலில் இருக்கும்போது திருகோணமலைக்கு வடக்கிலிருந்து காற்று வரும். பிறகு மையம் எங்களுக்கு வடக்கே கடந்தால் காற்று மேற்கிலிருந்து வரத் தொடங்கும். நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். கூரை போகும், மரம் விழும், ஆனால் கடல் பெரிதாக ஏறாது. மையம் தெற்கே கடந்தால் காற்று கிழக்கிலிருந்து வந்து கடலைக் கரைமேல் தள்ளும். கொட்டியாரக் குடாவின் வாய் அந்தப் பக்கம் திறந்திருப்பதால் மூதூர், கிண்ணியாப் பக்கத்துத் தாழ்நிலத்துக்கும் இதுவே மோசம். ஆகவே "மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறும்" என்று வானொலி சொன்னால், கரையோர அறையை அன்று பகலிலேயே விட்டுவிடுங்கள். "முல்லைத்தீவுப் பக்கம்" என்றால் கூரையைப் பற்றி யோசியுங்கள். முன்னறிவிப்புப் பாதை கடைசி நேரத்தில் நூறு கிலோமீற்றர் விலகுவது புதினமல்ல என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: விடுதிக்காரர் "இது எங்களுக்குப் பழக்கம், ஒண்டும் செய்யாது" என்கிறார். இரவு காற்று கூடினால் அறைக்குள் என்ன செய்வது? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: அவருக்குப் பழக்கம்தான். அவருக்கு எந்த மரம் விழும், பின்வழி எங்கே, யார் வீட்டில் தட்டுக்கூரை இருக்கிறது என்பதும் தெரியும். உங்களுக்கு அது எதுவும் தெரியாது. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே மூன்று விடயம் பார்த்து வையுங்கள்.

முதலாவது கூரை. தகரமும் அஸ்பெஸ்டஸும் ஓரத்திலிருந்துதான் கிளம்பும். ஓரத்துத் தகடு படபடவென்று அடிக்கத் தொடங்கினால் ஆணி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு அந்த அறையில் படுக்க வேண்டாம். கொங்கிறீற் தட்டுப் போட்ட அறை எது என்று கேட்டு வையுங்கள். பல விடுதிகளில் குளியலறைக்கு மட்டும்தான் தட்டு இருக்கும். அதற்கு மேலே தண்ணீர்த் தாங்கி நிற்கும். தாங்கி தட்டின்மேல் நேராக இருந்தால் நிரப்பிவிடச் சொல்லுங்கள். 500 லீற்றர் தாங்கி நிறைந்திருந்தால் அரை தொன், காற்று இலகுவில் தூக்காது. வெறும் தாங்கி பறக்கும். இரும்புக் கால்களில் நிற்கும் தாங்கியென்றால் அதன் கீழும் பக்கத்திலும் தங்க வேண்டாம்.

இரண்டாவது மரம். தென்னை வேரோடு சாய்வது ஒருபுறம் இருக்க, தேங்காயும் காய்ந்த மட்டையும் பறக்கும். வாகனத்தைத் தென்னைக்குக் கீழே நிறுத்தியிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது மின்சாரம். பிரதான சுவிச்சும் ட்ரிப் சுவிச்சும் எங்கே என்று பார்த்து வையுங்கள். தரையில் தண்ணீர் ஏறத் தொடங்கினால், கால் நனையும் முன் பிரதான சுவிச்சை நிறுத்த வேண்டும். நனைந்த கையோடும் தண்ணீரில் நின்றுகொண்டும் அதைத் தொடக்கூடாது. விடுதியில் ஜெனரேற்றர் ஓடினால் அது விறாந்தையில் இருக்கக்கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. மழைக்காக யன்னல் எல்லாம் சாத்திய அறைக்குள் அது புகுந்தால் தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

"காற்றழுத்தம் சமப்பட ஒரு யன்னலைத் திறந்து வைக்க வேண்டும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளியே ஓடும் காற்று மேலிருந்து உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால்தான் கூரை போகிறது. எல்லா யன்னலையும் உள் கதவுகளையும் சாத்துங்கள். காற்றுப் பக்கத்துக் கண்ணாடி உடைந்துவிட்டால் அந்த அறையை விட்டு, இடைக் கதவை மூடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போங்கள்.

காற்று திடீரென்று ஓய்ந்து வானமும் தெளிந்தால் மையம் உங்கள் தலைக்கு மேலே இருக்கக்கூடும். சில நிமிடமோ அரை மணித்தியாலமோ கழித்து எதிர்த் திசையிலிருந்து அதே பலத்தோடு திரும்ப அடிக்கும். வெளியே வந்து சேதம் பார்க்கிறவர்கள் அடிபடுவது அப்போதுதான். ஓய்ந்த நேரத்தைச் சேதம் பார்க்கச் செலவழிக்காமல், இதுவரை ஒதுக்கான பக்கமாக இருந்த அறையிலிருந்து மறுபக்கத்துக்கு மாறுங்கள்.

குடிக்க, சமைக்க என்று ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் தண்ணீர் வையுங்கள். நான்கு பேருக்கு மூன்று நாளென்றால் 48 லீற்றர். மலசலகூடத்துக்கு வாளிகளைத் தனியே நிரப்புங்கள். மின்சாரம் போனால் தண்ணீர் மோட்டாரும் போய்விடும்.

கேள்வி: வான் ஓட்டுகிறேன். பயணிகளோடு மட்டக்களப்பு வீதியால் வரும்போது வீதிக்கு மேலே தண்ணீர் போனால் எவ்வளவு ஆழம் வரை துணிந்து இறங்கலாம்? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: ஓடும் தண்ணீரென்றால் துணிய வேண்டாம். ஓடும் வெள்ளம் 15 சென்ரிமீற்றர் இருந்தாலே நிற்கிற ஆளை விழுத்தும். 30 சென்ரிமீற்றர் சிறிய காரை நகர்த்தும். 60 சென்ரிமீற்றரில் பெரும்பாலான வாகனங்கள் மிதக்கும். வானில் ஆட்களை ஏற்றினால் பாரம் கூடும், மிதக்காது என்று சிலர் வாதாடுவார்கள். கவிழ்ந்தால் அத்தனை பேரும் உள்ளேதான்.

நிற்கிற தண்ணீரென்றால் சில்லின் நடு அச்சு வரைதான் கணக்கு. ஓட்டோவுக்குச் சில்லு சிறிது, அந்தக் கணக்கு ஒரு சாண் அளவில் முடிந்துவிடும். முன்னால் போன லொறி தாண்டியது உங்களுக்குச் சாட்சியில்லை. அதன் எஞ்சின் காற்றை எங்கிருந்து இழுக்கிறது, உங்களுடையது எங்கிருந்து இழுக்கிறது என்று தெரியாமல் இறங்கக்கூடாது. அத்தோடு தண்ணீருக்குக் கீழே வீதி இன்னும் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. மதகின் இரு பக்கத்து மண்ணைத்தான் வெள்ளம் முதலில் அரிக்கும், தார் மேலே தொங்கிக்கொண்டு நிற்கும். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதல் கியரில், நிறுத்தாமல், கியர் மாற்றாமல், வீதியின் நடுவால் போங்கள். எதிரே வாகனம் வந்தால் அது கரையேறும் வரை காத்திருங்கள். அதன் அலை உங்கள் எயார் கிளீனருக்குள் புகும்.

நடுவில் எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்ராட் பண்ணாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. ஸ்ராட்டர் பிஸ்டனை மேலே தள்ளும்போது கனெக்டிங் றொட் வளையும் அல்லது உடையும். அழுத்தம் கூடிய டீசல் எஞ்சினுக்கு இது இன்னும் நிச்சயம். ஆட்களை இறக்கி மேட்டுக்கு அனுப்பிவிட்டுத் தள்ளி எடுங்கள்.

இந்த வீதிக்கு இன்னொரு தந்திரம் உண்டு. வெருகல், மூதூர்ப் பக்கத்து வெள்ளம் அங்கே பெய்த மழையால் மட்டும் வருவதில்லை. மகாவலி மலைநாட்டு மழையைச் சுமந்துகொண்டு கொட்டியாரக் குடாவுக்கு வருகிறது. மலையில் பெய்து ஒன்றிரண்டு நாள் கழித்து இங்கே தண்ணீர் ஏறும். திருகோணமலையில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே வீதி மூழ்கலாம். டித்வா நவம்பர் 28இல் கரையேறியது. இந்தப் பக்கத்து மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது 30ஆம் தேதி. ஆகவே புறப்படும் முன் உள்ளூர் வானத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், மகாவலியின் மன்னம்பிட்டி நீர்மட்டம் ஏறுகிறதா, வான்கதவுகள் திறந்திருக்கிறார்களா என்று நீர்ப்பாசனத் திணைக்கள அறிவித்தலில் பாருங்கள், அல்லது 117க்கு அழைத்துக் கேளுங்கள். சந்தேகமென்றால் பொலன்னறுவை, ஹபரணை சுற்றி வாருங்கள், மன்னம்பிட்டிப் பாலம் திறந்திருந்தால்.

கேள்வி: என் மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் நின்றுவிட்டது. பக்கத்தில் கராஜ் இல்லை. நானே என்ன செய்யலாம்? (வாசகர், கந்தளாய்)

பதில்: தம்பி, முதலில் சாவியை நிறுத்தி மேட்டுக்குத் தள்ளுங்கள். உதைக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள். எயார் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். ஸ்பொஞ்ச் என்றால் பிழிந்து காயவிடலாம், கடதாசி ஃபில்டர் நனைந்தால் புதிதுதான். காபரேற்றரின் அடியிலுள்ள வடி ஆணியைத் தளர்த்தி, தண்ணீர் போய்த் தனிப் பெற்றோல் வரும்வரை வடியவிடுங்கள். சாவி நிறுத்தியபடியே, பிளக் இல்லாமல் பத்துப் பதினைந்து தரம் கிக்கரை உதையுங்கள். பிளக் ஓட்டையால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும், முகத்தை நேரே வைக்காதீர்கள். பிறகு ஒயிலைப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதோடு ஓட்டினால் பெயரிங் தேய்ந்துபோகும். 100 முதல் 150 சீசீ வரையான பெரும்பாலான வண்டிகளுக்கு ஒரு லீற்றர் அளவில்தான் ஒயில் போகும். மாற்றி, பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, நிறம் இன்னும் வெளுத்திருந்தால் மறுபடி மாற்றுங்கள். ஒரு லீற்றர் ஒயிலை மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினையே இறக்கியவர்கள் நிறையப் பேர். டிரம் பிரேக் சில கிலோமீற்றருக்குப் பிடிக்காது, இலேசாக அமத்தியபடியே ஓடிக் காயவையுங்கள்.

கேள்வி: ஜூலையில் புறாமலைக்குப் படகில் போக ஆசை. கடல் அந்த மாதம் அமைதிதானே? (வாசகி, வவுனியா)

பதில்: கரையில் நின்று பார்த்தால் அமைதிதான். அதுதான் ஏமாற்றும். அந்த மாதங்களில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நிலத்தைக் கடந்து கடலுக்குப் போகிறது. கரையோரம் அலை எழும்பாது, சற்றுத் தள்ளிப் போனால்தான் எழும்பும். பிள்ளைகளின் டியூப், காற்றடைத்த மெத்தை, பந்து எல்லாம் கிழக்கே ஓடும். துரத்தி நீந்துகிறவருக்குத் திரும்பி வரும்போது காற்று எதிரே இருக்கும். டியூப் போனால் போகட்டும்.

தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான் என்றாலும் காலையில் போய் காற்று கூடும் முன் திரும்புங்கள். ஏறும் முன் உயிர்காப்பு அங்கியைப் போட்டு, பட்டியைப் பூட்டி, தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை கிளம்பினால் அளவு பெரிது. பிள்ளைகளுக்குக் கவட்டுப்பட்டி உள்ளது வேண்டும். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தது களப்பில்தான், நடுக்கடலில் இல்லை.

கேள்வி: கோணேசர் கோயிலில் நிற்கும்போது இடி முழங்கினால்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சுவாமி மலை விளிம்பிலும் மரத்தடியிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் போங்கள், அல்லது கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் இருங்கள். ஓட்டோ அதற்கு உதவாது. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையிலான செக்கன்களை மூன்றால் பிரித்தால் கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் கேட்டால் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, உடனே உள்ளே போக வேண்டும். கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். மழை நின்றது கணக்கில்லை.

கேள்வி: நாங்கள் திருகோணமலைக்காரர், கடலை அறிவோம். பிள்ளைகளோடு நுவரெலியா போகிறோம். மலையில் மழை பிடித்தால் எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், மூதூர்)

பதில்: கடற்கரை ஆள் மேலே பார்ப்பார். மலையில் கால்பக்கம் பார்க்க வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் முதல் நிலை, 100இல் இரண்டாவது, 150இல் மூன்றாவது. எங்களூரில் வாடை மழைக்கு 75 மில்லிமீற்றர் சாதாரணம். அந்தப் பழக்கத்தோடு மலையில் அளவு பார்த்தால் கணக்குத் தப்பிவிடும். மாத்தளை, கண்டி, கம்பளை, றம்பொடை என்று நீங்கள் போகும் வழி முழுக்கச் சரிவுதான். எல்லாப் பிரிவின் பெயரையும் எழுதி வைத்துப் பாருங்கள்.

தங்கும் வீட்டில் சுவரிலோ முற்றத்திலோ புதிய வெடிப்பு, நேற்றுவரை பூட்டிய கதவு இன்று இறுகுவது, மின்கம்பமோ மரமோ சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பெட்டியைத் தேடாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். பள்ளத்தை நோக்கி ஓடாமல், சரிவின் குறுக்கே பக்கவாட்டில் ஓடுங்கள். மழையில் வீதியை மண் மூடியிருந்தால் இறங்கி நின்று படம் எடுக்க வேண்டாம். முதல் சரிவுக்குப் பின்னால் இரண்டாவது வருவது வழக்கம்.

கேள்வி: காசும் போனும்? (வாசகி, கொழும்பு)

பதில்: மின்சாரம் போனால் காசு இயந்திரமும் காட் இயந்திரமும் போகும். இரண்டு மூன்று நாள் செலவுக்குக் கையில் காசு வையுங்கள், நூறும் ஐந்நூறுமாக. 5000 தாளுக்கு அந்த நேரம் யாரிடமும் மிச்சமிராது. போன் கோபுரங்களின் பற்றரியும் சில மணித்தியாலத்தில் இறங்கும். அழைப்பு போகாதபோது குறுஞ்செய்தி போகும். வெவ்வேறு நிறுவனத்தின் இரண்டு சிம் இருந்தால் நல்லது. கடவுச்சீட்டு, மருந்து, சார்ஜர் மூன்றையும் இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள். 117 இடர் முகாமைத்துவம், 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ், 1987 மின்சாரம். கடதாசியிலும் எழுதி வையுங்கள்.

கேள்வி: வெள்ளத்துக்குப் பிறகு பேரனுக்கு வயிற்றோட்டம். அவர்கள் அடுத்த வாரம் லண்டன் திரும்ப வேண்டும். (வாசகி, சாம்பல்தீவு)

பதில்: அம்மா, வெள்ளம் மூடிய கிணற்றுத் தண்ணீர் தெளிந்து தெரிந்தாலும் குடிக்கக் கொடுக்க வேண்டாம். துணியால் வடித்து, குமிழிவிட்டுக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்) பைக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரையுங்கள். பாதிப் பைக்கற், அரைக் கோப்பை என்று கண்ணளவு போட்டால் உப்பு கூடிப் பிள்ளைக்குத் தீங்கு. 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஒவ்வொரு தரம் போனபின்னும் இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேல் 100 முதல் 200. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஜீவனி கிடைக்காவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கஞ்சியையும் தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். கண் குழிந்து, சலம் போகாமல், சோர்ந்து கிடந்தாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும், வயதுக்கும் நிறைக்கும் உரிய அளவில். டெங்குவாக இருந்தால் அஸ்பிரின், இபுபுரொஃபன் இரண்டும் இரத்தக் கசிவைக் கூட்டும்.

வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தவர்கள் எல்லாரையும் இன்னொன்றுக்காகவும் கவனிக்க வேண்டும். எலிக்காய்ச்சல் வழக்கமாக ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்துத்தான் தெரியும், சிலருக்கு ஒரு மாதம்கூட எடுக்கும். அதற்குள் அவர்கள் லண்டனில் இருப்பார்கள். அங்குள்ள வைத்தியர் சளிக்காய்ச்சல் என்றே நினைக்கக்கூடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு, சலம் குறைவது என்று வந்தால், "இலங்கையில் இன்ன தேதியில் வெள்ளத்தில் நடந்தோம்" என்பதை முதல் வசனமாகச் சொல்லச் சொல்லுங்கள். தேதியை இன்றே ஒரு துண்டில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வைத்துவிடுங்கள். இங்கேயே இருப்பவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை தேவையா என்று கேட்கலாம்.